என் சார்பில் பேச ஒருவர்

ஜூன் 3

அன்புள்ளவளுக்கு,

முதுகுவலி தேவலையா? அலமாரி சரிந்ததற்காகத் தச்சன் மேல் வழக்குப் போட்டிருக்கிறாய் என்று மகள் சொன்னாள். சிறு வழக்கு மன்றத்தில் வக்கீல் கிடையாது. நீதிபதி அனுமதித்தால் உறவினர் பேசலாம். உன் சார்பில் நான் பேச அனுமதி கேட்கும் மனு இணைத்திருக்கிறேன். கையெழுத்திட்டு அனுப்பு. உனக்கு எதற்கு அலைச்சல்?

உரிமையுடன்,
உன் கணவன்

ஜூன் 9

வணக்கம்.

முதுகு இல்லை, மணிக்கட்டு. அலமாரிக் கதவு அதன் மேல்தான் விழுந்தது.

வீட்டை விட்டுப் போன பிறகு எட்டிக்கூடப் பார்க்காதவருக்குத் திடீரென்று ஏன் இந்த அக்கறை? "நம்ம ஆளு, கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம்" என்று அந்தத் தச்சரை அழைத்துவந்ததே நீங்கள்தான். இன்னும் அவரோடு சீட்டாடுகிறீர்களாமே. மனுவின் அடியில் பொடி எழுத்தில் 'சமரசம் செய்துகொள்ளவும் அதிகாரம் உண்டு' என்றிருக்கிறது. படிக்க மாட்டேன் என்று நினைத்தீர்களா?

கையெழுத்து இல்லாமல் திருப்பி அனுப்புகிறேன்.

உங்கள் மகளின் அம்மா

ஜூன் 14

அடி சந்தேகப் பிராணி,

சீட்டு வேறு, வழக்கு வேறு. நாலு பேர் முன்னால் நின்றால் உனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில், வங்கியில், உன் அப்பாவிடம்கூட உனக்காக நான்தானே பேசினேன்? இன்னொரு மனுவை நானே கொடுத்துவிட்டேன். உன் கையெழுத்தை விசாரணை அன்றைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்றார் மன்றக் குமாஸ்தா. கோபப்படாதே.

உன் நலம் நாடும் நான்

ஜூன் 27

வணக்கம்.

விசாரணையில், நான் கையெழுத்திட மறுத்து, உங்களை வெளியே உட்காரச் சொன்ன பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

நீதிபதியம்மா நீங்கள் எழுதிய காரணத்தைப் படித்தார். "உங்களுக்குக் கோர்வையா பேச வராதுன்னு போட்டிருக்கே. நிஜமாம்மா?"

"நிஜந்தாங்க. மெதுவா வரும். நேரம் குடுப்பீங்களா?"

"குடுக்கறேன். சொல்லுங்க."

சொன்னேன். தடுமாறித்தான். நடுவில் தண்ணீர்கூடக் கேட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

தச்சர்தான் பதறிப்போனார். "என்னங்கம்மா இது! அண்ணன் உள்ள வந்து நாலு வார்த்தை பேசி முடிச்சிடறேன்னாரே? என்னை வாயே திறக்க வேணாம்னாரே?"

அவர் சொன்னதை எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தாவும் நிமிர்ந்து பார்த்தார்.

என் சந்தேகம் பொய்யாகிவிடாதா என்று அதுவரை உள்ளுக்குள் ஏங்கிக்கொண்டுதான் இருந்தேன்.

அலமாரியைப் புதிதாகச் செய்துதரச் சொல்லித் தீர்ப்பு. அவர் செலவில், வேறு தச்சரை வைத்து. வெளியே வந்தபோது நீங்கள் ஏதோ சொல்ல வாயெடுத்தீர்கள். நான் நிற்கவில்லை.

விவாகரத்து மனுவை நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். அழைப்பு வரும். அங்கே நீங்கள் உங்களுக்காகப் பேசினால் போதும்.

இப்படிக்கு,
வாதி