நீ கேட்ட ரிசல்ட்

மச்சான்,

இன்று காலை தபால்காரர் நம் லயத்து வரிசை வீடுகளுக்கே வந்தார். பதினான்காம் காம்பிரா வீட்டின் கதவைத் தட்டி, உன் தங்கச்சி கையில் கடிதத்தைக் கொடுத்தார். தாதியர் பயிற்சிக்கான நேர்முகத் தேர்வு. இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. இதை உன்னிடம் சொல்லாமல் எப்படி இருப்பேன்?

நம் தேயிலைத் தோட்டத்தில் ரிசல்ட் என்றால் பரீட்சை ரிசல்ட்தான். நீ மட்டும் எல்லாவற்றுக்கும் ரிசல்ட் கேட்டாய். மருந்துக்கு, மனுவுக்கு, கோயில் கமிட்டிக் கூட்டத்துக்கு. தேர்தலுக்கு முன் தொழிற்சங்கத் தலைவர் வந்து, மாலை வாங்கி, ஒரு மணிநேரம் பேசி முடித்தபோது பின்னாலிருந்து எழுந்தாய்.

"பேசுனதெல்லாம் சரிங்க தலைவரே. போன தடவ பேசுனதுக்கு ரிசல்ட் என்னா?"

"ரிசல்ட்டு பரீட்சைக்குத்தான் தம்பி வரும்."

"நாங்களும் தாத்தா காலத்துல இருந்து எழுதிக்கிட்டுத்தானுங்க இருக்கோம்."

கொழுந்து எடுக்கும் பெண்கள் சிரித்த சிரிப்பில் அவர் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் ஜீப்பில் ஏறினார்.

உயர்தரப் பரீட்சையில் உன் ரிசல்ட் நல்லது. ஆசிரியர் வேலைக்கான நேர்முகத் தேர்வுக் கடிதமும் வந்தது, தோட்ட ஆபீசுக்கு. முகவரியில் உன் பெயரும் 'மேற்பிரிவு' என்பதும் மட்டும். அந்தப் பெயரில் அங்கே நான்கு பேர். அவர்களில் கொழும்பில் வேலை செய்தவனின் வீட்டுக்கு அது போனது. எழுத்து தெரியாத அவன் அம்மா, மகனுக்கு வந்ததென்று சாமிப் படத்துக்குப் பின்னால் பத்திரப்படுத்தினார். தீபாவளிக்கு அவன் வந்து பிரித்தபோது தேதி கடந்திருந்தது. இங்கே தேயிலை மலைக்கு நம்பர் உண்டு. மனிதன் குடியிருக்கும் வீட்டுக்குக் கிடையாது.

அந்த அம்மா அழுதார். "வுடுங்கம்மா, நீங்க என்னா பண்ணுவீங்க" என்றாய். மறுநாளே ஒரு டின் பெயின்ட் வாங்கினாய். ஞாயிற்றுக்கிழமை இருவரும் கதவு கதவாக நம்பர் எழுதினோம். கடிதங்களை வீட்டுக்கே கொண்டுவரக் கேட்டு, பெயர்ப் பட்டியலோடு தபால் கந்தோருக்கு ஏழு முறை போனோம்.

எட்டாவது முறை நான் தனியாகப் போனேன். கொழும்பில் கட்டட வேலைக்குப் போன நீ, சாரத்திலிருந்து விழுந்து இறந்திருந்தாய். இடுப்பில் கட்ட ஒரு கயிறு கொடுத்திருக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

ஆனால் இன்று சந்தோஷம்தான் மச்சான். உன் தங்கச்சி அந்தக் கடிதத்தை லயம் முழுக்கப் படித்துக் காட்டிவிட்டாள்.

வரும் ஞாயிறு கீழ்ப்பிரிவுக்குப் போகிறேன். அங்கே ஓர் அக்கா இப்போதே கேலி செய்கிறார்: "எங்க வூட்டுக்குக் கதவே இல்ல தம்பி. நம்பர எங்க போடுவீங்க?"

சுவரில் போடுவேன் என்றேன். கதவு கேட்டு எழுதிய மனுவிலும் அவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டேன்.