இரவல் கார்டு

23.01.1989, திங்கள்

காலையில் அளவெட்டியிலிருந்து யோகம் வந்திருந்தாள். அவளுடைய கணவர் ரவி கனடாவுக்குப் போனபோது, பாரிஸில் தன் பேரிலிருந்த வேலைக் கார்டை என் கணவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். இவருக்குச் சொந்தக் கார்டு இன்னும் கிடைக்கவில்லை. ரவியின் பேரில்தான் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறார். அந்த உதவிக்காகப் போன கிழமைகூட யோகம் வீட்டுக்கு எங்கள் தோட்டத்து வெங்காயம் அனுப்பினேன்.

தேத்தண்ணி குடித்துக்கொண்டே யோகம் சொன்னாள்:

"அக்கா, அங்கை மாசாமாசம் சம்பளத்திலை பென்சனுக்கெண்டு கழிக்கிறவங்களாம். கார்டிலை ஆருடைய பேரோ, அவருக்குத்தானாம் சேரும். அத்தான் கோப்பை கழுவக் கழுவ, எங்கடை இவருக்குப் பென்சன் ஏறுது!"

சிரித்தாள். கள்ளமில்லாத சிரிப்புத்தான். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"வயசுபோன காலத்திலை நாங்கள் தராமல் விடுவமே, அக்கா?"

"ஓம், ஓம்," என்றேன்.

அவள் போன பிறகு, வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கும்போதுதான் மற்றது உறைத்தது. பென்சன் கிடக்கட்டும், அது கிழவியான பிறகு பார்க்கிற விஷயம். அதற்கு முன் இவருக்கு அங்கே ஒன்று நடந்தால்? மனைவிக்கென்று வருகிற காசை யோகம் கொண்டுவந்து தருவாள். நல்லவள். ஆனால் அந்த நாட்டுக் கணக்கில் செத்தது ரவி, விதவை யோகம். நான் அங்கே இவருக்கு ஒருத்தியுமில்லை.

பின்னேரம் பிள்ளையார் கோவிலில் அர்ச்சனைக்கு ஐயர் பேர் கேட்டார். இவருடைய பேரை உரத்துச் சொன்னேன். பிறகு இன்னொரு தரமும் சொன்னேன்.

"கேட்டிட்டுது, பிள்ளை," என்றார் ஐயர்.