போன் தூங்குகிற இடம்

இன்று அலுவலகத்துக்குப் புதுப் போன்கள் வந்தன. அட்டைப்பெட்டியைப் பிரித்ததுமே அந்த வாசனை எழுந்தது. பிளாஸ்டிக் தாளும் பசையும் யார் விரலும் படாத கண்ணாடியும் சேர்ந்த வாசனை. உனக்கு அது ரொம்பப் பிடிக்கும். பெட்டியை மூக்குக்கு அருகில் கொண்டுபோய், "புதுப் பாடப்புத்தகம் மாதிரி இருக்குளா" என்பாய். பிறகு பிஸ்மி சொல்லிவிட்டு, வரவேற்புத் திரையில் ஒரே இடத்தில் தட்டிக்கொண்டே இருப்பாய். கேமரா திறக்கும். நம் கம்பெனியின் கியூஆர் குறியைக் காட்டியதும் போன் நம் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிடும்.

இன்று நான் தட்டினேன். இரண்டு போன் முடிந்ததும் கை நின்றுவிட்டது. நீ எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இத்தனை நாள் எழுதத் துணியாததை, பிள்ளை தூங்கிய பிறகு உட்கார்ந்து எழுதுகிறேன்.

வெளியில் யாராவது நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டால் இன்றைக்கும் உன் வாய்ச்சொல்லைத்தான் கடன் வாங்குகிறேன். பிள்ளைகள் துபாயிலும் சவூதியிலும் இருக்க, இங்கே தனியாக இருக்கும் பெரியவர்களின் வீட்டுக்கு நர்சுகளை அனுப்புகிற கம்பெனி நம்முடையது. ஒவ்வொரு நர்சுக்கும் ஒரு கம்பெனி போன். அதைத் திறந்தால் நாமே எழுதிய ஆப் ஒன்றுதான் இருக்கும். யாருக்கு என்ன மருந்து, எப்போது, எவ்வளவு என்று அது சொல்லும். ப்ளே ஸ்டோரில் ஊரார் தேடினாலும் அந்த ஆப் கண்ணில் படாது. நமக்கென்று ஒதுக்கிய இடத்தில் ஏற்றிவிட்டால் நம் போன்களில் மட்டும் இறங்கும். சேர்ந்த புதிதில் எனக்கு இது புரியாமல் விழித்தபோது, "கல்யாணப் பந்தின்னு வச்சுக்கோ. பத்திரிகை வச்சவங்களுக்கு மட்டுந்தான் இலை" என்றாய். இதைவிடத் தெளிவாக எந்தப் பாடத்திலும் நான் படித்ததில்லை.

உன்னை நினைத்தாலே எனக்கு அந்தப் பாபநாசம் பயணம்தான் முதலில் வருகிறது.

பிரசவ விடுப்பு முடிந்து நான் வேலைக்குத் திரும்பியிருந்த சமயம். மருந்தின் அளவு தவறினால் எச்சரிக்கிற புது அப்டேட்டை எல்லாப் போனுக்கும் அனுப்பியிருந்தோம். எல்லாவற்றிலும் இறங்கிவிட்டது, இசக்கியம்மாளின் போனைத் தவிர. மலையடிவாரத்துக் கிராமங்களைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் அவள். அலுவலகப் பக்கம் வருவது அரிது. எல்லாப் போன்களின் நிலையையும் காட்டுகிற கன்சோலில் அவள் பெயருக்கு நேரே மட்டும் 'காத்திருக்கிறது' என்றே நின்றது. அந்த வார வெள்ளிக்கிழமையோடு பழைய ஆப் வேலை செய்யாது. அதற்குள் அவள் போனில் ஆப் மாறாவிட்டால் அவளுடைய நோயாளிகளை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டு அவளை வேலையிலிருந்து அனுப்பிவிடுவதாக மேலாளர் முடிவு செய்திருந்தார்.

"நானே போன் பண்ணிக் கேட்டேன்மா. புது ஆப் வந்துட்டான்னு கேட்டா, வந்துட்டு சார்ங்கா. பொய் சொல்லுதா. அவளுக்கு மாத்துறதுக்கு இஷ்டமில்ல."

"அண்ணாச்சி, அப்படிக் கேட்டா அப்படித்தான் சொல்லுவா" என்றாய் நீ. " போன்ல ஒரு ஆப்தான் இருக்கு. அது இருக்கத்தானே செய்யுது? புதுசா பழசான்னு அவ என்னத்தக் கண்டா?"

"பின்ன வேற எப்படிம்மா கேக்கச் சொல்லுத?"

"நான் போய்க் கேட்டுட்டு வாரேன். ஒரு நாள் குடுங்க" என்று சொல்லி, என்னையும் கூட்டிக்கொண்டாய்.

அப்டேட் தானாக இறங்க வேண்டுமானால் போன் சும்மா இருக்க வேண்டும், சார்ஜில் இருக்க வேண்டும், வைஃபையும் வேண்டும் என்பது உனக்குத் தெரியும். அவள் வீட்டில் வைஃபை இல்லை என்று ஊகித்து, மொபைல் டேட்டாவிலும் இறங்கலாம் என்று முன்பே மாற்றி வைத்திருந்தாய். அப்படியும் இறங்கவில்லை. "உடனே இறங்கட்டும்னு அமுக்கிரலாமே?" என்று நான் கேட்டேன். நீ தலையாட்டி மறுத்தாய். "அவ யாருக்காவது சுகர் அளவு எழுதிட்டு இருக்கப்ப ஆப் படக்குன்னு மூடிக்கும்ளா. பாதி எழுதுனது என்னாகும்? அந்தப் பக்கம் இருக்கது ஒரு வயசான ஆளு."

பஸ்ஸில் அம்பாசமுத்திரம் தாண்டும்வரை நான் வீட்டுக்குப் போன் போட்டுக்கொண்டே வந்தேன். நாங்குநேரியிலிருந்து வந்திருந்த அத்தைதான் பிள்ளையைப் பார்த்துக்கொண்டாள். நல்லா இருக்காளா, நல்லா இருக்காளா என்று நான் கேட்டுக் கேட்டு, அத்தையே கடைசியில் எடுக்காமல் விட்டுவிட்டாள்.

நீ சிரித்தாய். "உன் மவளுக்கும் ஒரு கன்சோல் போட்டுருவமா? பால் குடிச்சா பச்சை லைட்டு, அழுதா சிவப்பு லைட்டு."

"உனக்கென்ன, கல்யாணம் பண்ணி ஒண்ணு பெத்துப் பாரு, தெரியும்."

"எங்க உம்மா சொல்லுதது போதாதுன்னு நீ வேறயா?" என்று சொல்லிவிட்டு, என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து எலுமிச்சைச் சாதத்தைப் பாதி தின்றுவிட்டாய். அதைக்கூட என்னிடம் கேட்கவில்லை. பேச்சைவிட அதுதான் என்னை ஆற்றியது.

எங்களைக் கண்டதும் இசக்கியம்மாள் வாசலுக்கே ஓடி வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. "எக்கா, நான் ஒண்ணும் பண்ணலக்கா. போன்ல எதையும் தொடக்கூட மாட்டேன்" என்றாள். நீ ஆப்பைப் பற்றிப் பேசவே இல்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாய். குழந்தைக்கு என்ன பெயர் என்று கேட்டாய். பிறகு பைய, "ராத்திரி போனை எங்கன வைப்பீங்க?" என்றாய்.

"தலமாட்டுலதாங்க்கா. சார்ஜ் போட்டு."

"போட்டு?"

"அணச்சிருவேன். வெடிச்சிரும்ங்காவல்லா? பிள்ளை பக்கத்துலேயே கெடக்கு. பகல்ல சார்ஜ் போடவே மாட்டேன், வேலையாத்தான இருக்கும்."

என்னை நீ திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. சார்ஜில் இருக்கிற நேரமெல்லாம் அந்தப் போன் அணைந்து கிடந்தது. விழித்திருக்கிற நேரமெல்லாம் அவள் கையில் வேலையாக இருந்தது. அப்டேட் இறங்க ஒரு இடுக்குகூட இல்லை.

"பயப்படுதது சரிதான்" என்று அவளிடம் சொன்னாய். "பிள்ளை பக்கத்துல வேண்டாம். அடுக்களை மேடையில வச்சுப் போடுங்க, அணைக்காம."

அங்கேயே போட்டோம். போன் திரையை யாரும் தொடவில்லை. காத்திருந்தோம். உள்ளே குழந்தை பசித்து அழுதது. எனக்கு மார்பில் பால் கட்டிக்கொண்டு, மேல்சட்டை நனைந்துவிட்டது. கூச்சத்தில் எழுந்து போகப் பார்த்தேன். நீ ஒன்றும் கேட்காமல் பையிலிருந்து ஒரு துப்பட்டாவை எடுத்து என் தோளைச் சுற்றிப் போர்த்தினாய். போர்த்திய கையாலேயே என் தலையை உன் தோளில் சாய்த்துக்கொண்டாய். ஆப் இறங்கி முடிந்ததை இசக்கியம்மாள்தான் முதலில் பார்த்தாள். "எக்கா, ஆப் நிறம் மாறிட்டு!" என்று கத்தினாள்.

மறுநாள் மேலாளர், "சரி, இருந்துட்டுப் போட்டும்" என்று முடித்துக்கொள்ளப் பார்த்தார். நீ விடவில்லை. "பொய் சொல்லுதான்னு சொன்னீங்கள்லா அண்ணாச்சி, அத மட்டும் அவகிட்ட எடுத்துச் சொல்லிருங்க." அவர் போனை எடுத்தார். "தப்பா நெனச்சிட்டேம்மா" என்று அவர் சொல்லி முடிக்கும்வரை அவர் மேசை அருகிலேயே நின்றாய். உன் துணிவைப் பார்த்து நான் அன்றைக்குப் பொறாமைப்பட்டேன். இன்றைக்கும்தான்.

பிறகு அந்தக் காய்ச்சல் வந்தது, இறங்கவே இல்லை. மேலப்பாளையத்தில் உன் வீட்டுக் கட்டிலில் உன்னைப் பார்க்க வந்தபோது நீ ரொம்ப மெலிந்திருந்தாய். "எப்படி இருக்க?" என்றேன். "இப்படிக் கேட்டா நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவேன்" என்றாய், அந்த நிலையிலும். "வேற கேளு." என்ன கேட்பதென்று தெரியாமல், ராத்திரி எந்தப் பக்கம் படுத்தால் வலி குறைகிறது என்று கேட்டேன். அதற்குப் பிறகு வெகுநேரம் பேசினாய். உம்மா அழுவதைப் பற்றி, பயத்தைப் பற்றி. அதுவரை யாரிடமும் சொல்லாததையெல்லாம் சொன்னாய்.

இப்போது புது நர்சுகளுக்குப் போன் கொடுக்கும் வேலை என்னுடையது. ஆளை வரவழைக்காமல் கூரியரில் அனுப்பிவிடலாம் என்கிறார்கள். நான் ஒவ்வொருத்தியையும் எதிரில் உட்கார வைத்து, ராத்திரி போன் எங்கே தூங்கும் என்று கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறேன். இன்று ஒருத்தி, "ராத்திரி போனை எங்க வீட்டுக்காரவுக வாங்கி வச்சிக்கிடுவாவ" என்றாள். ஏன் என்று கேட்டேன். அவள் அழத் தொடங்கினாள். அவளிடம் இன்னும் பேச வேண்டியிருக்கிறது.

என் மகளைக் குழந்தைகள் காப்பகத்தில் விட்டு இது முதல் வாரம். மதியம் காப்பகத்துக்குக் கூப்பிட்டேன். ஆயா எடுத்ததும், நல்லா இருக்காளா என்று கேட்க வாய்வரை வந்ததை விழுங்கினேன்.

"இப்ப எங்கன நிக்கா? கையில என்ன வச்சிருக்கா?"

ஆயா எட்டிப் பார்த்துவிட்டு வந்து சிரித்தாள். "உங்க மவளா? சன்னல்கிட்ட நிக்கா. இன்னொரு பிள்ளை செருப்ப எடுத்து வச்சிக்கிட்டுக் குடுக்க மாட்டேங்கா. பிடுங்கட்டுமா?"

"வேண்டாம், வச்சிக்கிடட்டும்" என்றேன். மாலைவரை நான் மறுபடி கூப்பிடவில்லை.