கிளட்ச் எட்டவில்லை

வரதராஜன்பேட்டை,
3.8.2025, ஞாயிறு மாலை.

அன்புள்ள மகன் மரிய ஆல்பர்ட்டுக்கு அப்பா எழுதுவது.

மாதாவின் துணையால் ஷார்ஜாவில் உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நானும் அம்மாவும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம். அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. எனக்கு மூட்டு வலி அப்படியேதான். மழை இரண்டு நாள் பெய்தது, பிறகு நின்றுவிட்டது.

போனில் சொல்லாமல் ஏன் காகிதத்தில் எழுதுகிறேன் என்று நினைப்பாய். வழக்கைப் பற்றிப் போனில் ஒரு வார்த்தை பேசக்கூடாது, எதையும் தட்டி அனுப்பவும் கூடாது என்று வக்கீல் இராமலிங்கம் சொல்லியிருக்கிறார். அதனால் ஆறு மாதமாக நாம் சாப்பாட்டைப் பற்றியும் வெயிலைப் பற்றியுமே பேசிக்கொண்டிருக்கிறோம். லப்பைக்குடிக்காட்டு பஷீர் பாய் விடுமுறை முடிந்து புதன்கிழமை அங்கே திரும்புகிறார். கவரை ஒட்டி அவர் கையில் கொடுக்கிறேன். படித்ததும் கிழித்துப் போடு என்று முதலில் எழுத நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை, வைத்துக்கொள்.

முதலில் உன் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஆனாலும் நினைக்காமல் இருந்திருக்க மாட்டாய்.

வண்டியை என் பொறுப்பில் விட்டபோது கோர்ட்டில் எழுதி வாங்கிய பத்திரத்தில், விற்கக்கூடாது, கேட்கும்போது கொண்டுவந்து நிறுத்த வேண்டும், உருவத்திலோ பாகங்களிலோ எந்த மாற்றமும் செய்யக்கூடாது என்று இருக்கிறது. ஐந்து வருஷமாக நம் கொட்டகையில் மாற்றத்தைத் தவிர வேறெதுவும் நடந்ததில்லை. இப்போது ஒரு போல்ட்டைத் திருகினாலும் குற்றம். ஆயில் மாற்றலாமா என்று வக்கீலைக் கேட்டேன். பராமரிப்பு வேறு, மாற்றம் வேறு, ஆனாலும் எதுக்கு சார் வம்பு, விடுங்க என்றார். விட்டுவிட்டேன்.

உடைந்த கண்ணாடியும் நசுங்கிய பானெட்டும் அப்படியே இருக்கின்றன. மேலே அம்மாவின் பழைய சேலையைப் போர்த்தியிருக்கிறேன். பேட்டரிக்கு நீ வாங்கிய சின்ன சார்ஜரை மாட்டிவிடுகிறேன். டயர் ஒரே இடத்தில் அமுங்கி நின்றால் வடிவம் கெட்டுவிடும் என்று நீ சொல்வாயே, அதனால் பதினைந்து நாளைக்கு ஒருமுறை அரை அடி முன்னே தள்ளுகிறேன், அடுத்த தடவை அரை அடி பின்னே. சைலன்ஸர் வாயில் துணி அடைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டில் மக்காச்சோள மூட்டைகள் இறங்கியதிலிருந்து எலி அதிகமாகிவிட்டது. வயரைக் கடிக்காமலிருக்க என்ஜினைச் சுற்றிப் புகையிலைத் தண்ணீர் தெளிக்கிறேன். சனிக்கிழமைதோறும் சைலன்ஸர் துணியை எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்வதும் உண்டு. உள்ளே உட்காருவதில்லை. கதவைத் திறந்து, வெளியே நின்றபடி கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்துவிட்டுச் சாவியைத் திருப்புவேன். பத்து நிமிடம் ஓடும். சாவியை நான் கையில் எடுத்ததுமே அம்மா கடைக்குக் கிளம்பிவிடுவாள், சத்தம் நின்ற பிறகுதான் வருவாள்.

எனக்கு அந்தச் சத்தம் ஒன்றும் செய்வதில்லை. அதுதான் எனக்கே விளங்கவில்லை. அழுகையும் வரவில்லை, பயமும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட வாயைப்போல இருக்கிறது. தொட்டால் தொட்டது தெரிகிறது, அவ்வளவுதான்.

நான் சிமெண்ட் ஆலையில் எடை மேடையில் இருந்த கடைசி வருஷம் நீ வண்டியை அங்கே கொண்டுவந்தது நினைவிருக்கிறதா? பின் சீட்டைக் கழற்றிவிட்டேன், எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றாய். சுண்ணாம்புக் கல் லாரிகளுக்கு நடுவில் அதை ஏற்றி நிறுத்தினாய். அந்த மேடை இருபது இருபது கிலோவாகத்தான் காட்டும். ஒரே ஒரு படி குறைந்தது. இதற்குப் பதிலாக நீ ரெண்டு வேளைச் சோற்றைக் குறைத்திருக்கலாம் என்று நான் சொன்னதற்கு லாரி டிரைவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். சைலன்ஸரை மாற்றினாய், ஸ்பிரிங்கை மாற்றி வண்டியைத் தரையோடு இறக்கினாய், லேப்டாப்பைச் சொருகி என்ஜினுக்குப் புதுக் கணக்கு எழுதினாய். நான் கிண்டல் செய்துகொண்டேதான் டார்ச் பிடித்தேன்.

பிரேக் ஆயில் மாற்றும்போது மட்டும் நான் வேண்டியிருந்தது. நீ சக்கரத்தடியில் படுத்துக்கொண்டு மிதி என்பாய், மிதிப்பேன். பிடி என்பாய், பிடித்துக்கொண்டிருப்பேன். விடு என்றால் விடுவேன். பிறகு ஒரு ஆளே செய்யக்கூடிய பம்பு ஒன்றை வரவழைத்துக்கொண்டாய், எனக்கு வேலை போய்விட்டது. அதற்குப் பிறகுதான் அந்த ரேஸ் சீட்டைப் போட்டாய். அதனால் அந்தச் சீட்டில் நான் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. இது எனக்கே மறந்துபோயிருந்தது.

ஜூலை மாதம் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து விசாரிக்க ஒருவர் வந்தார். அரவிந்தன் என்று பெயர். உன் வயதுதான் இருக்கும், மரியாதையான பிள்ளை. மோட்டார் வாகன ஆய்வாளரின் ரிப்போர்ட்டில் டிரைவர் சீட் மாற்றப்பட்டிருக்கிறது என்று ஒரு வரி இருக்கிறதாம். அதைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். சுற்றி வந்து போட்டோ எடுத்தார், டேப்பு வைத்து அளந்தார். பிறகு, சார், நீங்கதான ஓட்டுனீங்க, கொஞ்சம் உக்காந்து காட்றீங்களா என்று கேட்டார்.

உட்கார்ந்தேன். கிணற்றுக்குள் இறங்கியதுபோல இருந்தது. கால் கிளட்சுக்கு எட்டவில்லை. ஒரு சாண் தூரம் இருந்தது. சீட்டை முன்னால் இழுக்கும் பிடியைக் கீழே கையால் தேடினேன். அப்படி ஒன்று இல்லை, எடை குறையட்டும் என்று சீட் நகரும் தண்டவாளத்தை எடுத்துவிட்டு உன் உயரத்துக்கு அளந்து தரையோடு போல்ட் போட்டிருக்கிறாய் என்று அப்போதுதான் தெரிந்தது. நீ ஆறடி. நான் ஐந்தே காலடி.

அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அதற்குள் அம்மா வீட்டுக்குள்ளிருந்து ஒரு தலையணையைக் கொண்டுவந்தாள். நான் கேட்கவில்லை, ஆல்பர்ட். இத பின்னால வச்சுக்கிட்டுத்தான் ஓட்டுவாருங்க என்று அவரிடம் சொன்னாள். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் உன் அம்மா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. இரண்டு பக்கமும் மேடு வைத்த அந்தச் சீட்டில் தலையணை அடங்கவில்லை. அமுக்கித் திணித்தேன். ஸ்டீயரிங் நெஞ்சில் முட்டியது. கால் பட்டது, ஆனால் நீ போட்ட கனமான கிளட்சை இந்த முட்டியை வைத்துக்கொண்டு பாதிக்கு மேல் என்னால் அமுக்க முடியவில்லை. அவர், போதும் சார், எறங்கிக்கங்க என்று கை கொடுத்துத் தூக்கிவிட்டார். அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போனார்.

வக்கீல், தலகாணி கதையையே சொல்லிடுங்க சார், யாரு வந்து பாத்தா என்கிறார். இல்லாவிட்டால் டிரைவரே பொய், வழக்கே பொய் என்று கம்பெனி இழுத்தடிக்கும், புருஷனை இழந்த அந்தம்மாவுக்கு நஷ்டஈடு கிடைக்க வருஷக்கணக்காகும் என்கிறார். பதினெட்டாம் தேதி திங்கட்கிழமை பெரம்பலூர் கோர்ட்டில் என்னைக் கூண்டில் ஏற்றிக் கேட்கப்போகிறார்கள்.

அதனால் பிப்ரவரி பத்தாம் தேதி நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். உனக்குத் தெரிந்ததுதான். நீ ஷார்ஜா போகப் பெரம்பலூரில் பெட்டி வாங்கிக்கொண்டு திரும்பினோம். நீ ஓட்டினாய், நான் பக்கத்தில். குன்னம் தாண்டியதும் நேர் ரோடு. இத்தனை வருஷமா நீ என்னதான் செஞ்சேன்னு போறதுக்கு முன்னால ஒரு தடவை காட்டுடா என்று நான்தான் கேட்டேன். வேணாம்ப்பா, ரோட்டுல சோளம் காயப்போட்டிருப்பாங்க என்று நீ சொன்னாய். முன்னால ஒண்ணையும் காணோம், போ என்றேன். போனாய். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. முதுகு சீட்டில் அழுந்தியபோது, நம் பிள்ளை நம் கொட்டகையில் செய்தது என்று பெருமையாக இருந்தது.

வளைவு தாண்டியதும் பாதி ரோட்டுக்குச் சோளம். எதிரே பஸ். நீ மிதித்தாய். நீ போட்ட பெரிய பிரேக்கெல்லாம் சோள மணிகள்மேல் ஒன்றுக்கும் உதவவில்லை, வண்டி வழுக்கிக்கொண்டே போனது. பனி இறங்குவதற்குள் சோளத்தைக் குவித்துக்கொண்டிருந்த பூமாலை நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவுதான் நான் பார்த்தது.

நீ ஓடிப்போய் அவர் தலையை மடியில் எடுத்துக்கொண்டாய். நான் சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டு டிரைவர் பக்கக் கதவருகே போய் நின்றேன். ஆட்கள் ஓடிவந்தபோது நான்தான் ஓட்டினேன் என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. வாய் சொல்லிவிட்டது. ஆம்புலன்ஸில் நீ ஏறிப்போனாய். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் அவர் போய்விட்டார். ஒன்பதாம் நாள் உன்னை விமானம் ஏற்றினேன். நீ போகமாட்டேன் என்றாய். போ என்று சொன்னதும் நான்தான். அன்றைக்கு அந்த ரோட்டில் சொன்ன அதே வார்த்தை.

இனி நான் எழுத வந்ததை எழுதுகிறேன். போன செவ்வாய்க்கிழமை வக்கீலைப் பார்க்கக் கோர்ட்டுக்குப் போயிருந்தேன். பூமாலையின் மனைவி அம்மாக்கண்ணு, மகளோடு புங்கமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு தடவையும் நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போய்விடுவேன். அன்றைக்கு அவரே எழுந்து வந்தார். உங்க மேல எனக்கு ஆத்திரந்தாங்க, அது போவாது என்றார். பிறகு, உங்க மவன் எங்கங்க இருக்கு, நல்லாருக்கா என்று கேட்டார். எங்கூட்டுக்காரரு தலைய மடியிலயே வச்சிருந்துச்சாம், ஆம்புலன்சுல வந்தவங்க சொன்னாங்க, பெத்த புள்ளையாட்டம் அழுதுச்சாம், அந்தத் தம்பி நல்லாருக்கணும் என்றார். நான் தலையை ஆட்டினேன்.

அவர் போகவில்லை. ஒண்ணு கேக்கணுங்க, கடைசியா அவரு எதாச்சும் சொன்னாரா, அந்தத் தம்பியக் கேட்டுச் சொல்றீங்களா என்றார். ஆறு மாதமாக இதைக் கேட்கத்தான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாராம். கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில் அரியலூர் வரை வந்து, இறங்க மறந்து உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் வந்து எழுப்பினார். நான் தூங்கவில்லை.

பதினெட்டாம் தேதி நான் ஓட்டவில்லை என்று சொல்லிவிடுவேன். ஓட்டச் சொன்னது நான், வேகமாகப் போகச் சொன்னது நான், பொய் சொன்னது நான் என்றும் சொல்வேன். அதற்கு என்ன தண்டனையோ வரட்டும், வக்கீல் என்ன சொன்னாலும் சரி. அப்படியானால் ஓட்டியது யார் என்று அடுத்ததாகக் கேட்பார்கள். சொல்லமாட்டேன் என்று இங்கே எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் சொல்லிவிடுவேன், ஆல்பர்ட். உனக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று, பிள்ளைக்கு என்ன பெயர் என்று சாமியார் கேட்டபோது சத்தமாகச் சொன்னவன் நான். கோர்ட்டிலும் என்னையே சொல்ல வைத்துவிடாதே.

இதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அடுப்படிக்குப் போய்த் திரும்பி வந்து, பிளேன்ல சாப்பாடு போடுவாங்களா, இல்ல இங்க வந்துதான் சாப்புடணுமா என்று மட்டும் கேட்டாள்.

பதினைந்தாம் தேதி மாதா திருநாள். அதற்கு மறுநாள், பதினாறாம் தேதி காலை, திருச்சி விமான நிலையத்தில் வந்து நிற்பேன். ஷார்ஜா விமானம் எத்தனை மணிக்கு இறங்கும் என்று பஷீர் பாயைக் கேட்டுக் குறித்து வைத்திருக்கிறேன். வருகிறேன் என்றும் வரவில்லை என்றும் நீ போன் செய்ய வேண்டாம். பூமாலை கடைசியாக என்ன சொன்னார் என்று எனக்கு எழுதவும் வேண்டாம். எனக்கு அதைக் கேட்க உரிமை இல்லை, அது அம்மாக்கண்ணுவுக்கு உரியது. கடைசி ஆள் வெளியே வரும்வரை நான் நிற்பேன்.

உன் நெற்றியில் சிலுவை வரைந்து ஆசீர்வதிக்கும்
அப்பா,
ம. லூர்துராஜ்