முத்துப்பேச்சியின் தாகம்

12-5-1969
மிளகாய் வத்தல் வரத்து நின்றுவிட்டது. கடையில் ஈ ஓட்டுகிறேன். திருச்சுழிப் பக்கம் கட்டிக்கொடுத்த மகள் முத்துப்பேச்சியை மாப்பிள்ளை பூமிநாதன் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். சண்டையில்லை. ஒரு குடம் தண்ணீரை ஒரே நாளில் தனியாகக் குடித்துத் தீர்க்கிறாளாம், ராத்திரியெல்லாம் மூத்திரத்துக்கு எழுந்துகொண்டே இருக்கிறாளாம். ஊருணி வறண்ட ஊர். ஒரு மைல் சுமந்துவரும் தண்ணீர். "நோயா பழக்கமான்னு பாத்து, சரியானா அனுப்புங்க மாமா." சரியாகாவிட்டால்? கேட்கவில்லை. கேட்டுத் தெரிய என்ன இருக்கிறது?

14-5
மூத்திரத்தில் சர்க்கரை இல்லை என்கிறார் இங்குள்ள டாக்டர். அப்படியானால் பழக்கம்தான். நான் பீடியை ஒரே நாளில் விட்டவன். தண்ணீர்ப் பானை இருக்கும் அறையைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டேன்.

15-5
மயங்கி விழுந்துட்டா. நாக்கு வறண்டு ஒட்டிப்போச்சு. அப்பவும் மூத்திரம் நிக்கல — நான் என்ன மனுசன்? வத்தலையா காயப்போட்டேன், பெத்த பிள்ளையையில்ல.

19-5, மதுரை ஆஸ்பத்திரி
பிழைத்துவிட்டாள். பூட்டியும் மூத்திரம் நிற்கவில்லை என்று நான் ஒப்புக்கொண்ட பிறகுதான் டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். மூளைக்கு அடியில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி, கொண்டைக்கடலை அளவுதானாம். அது ரத்தத்தில் விடும் ஹார்மோன் ஒன்றுதான் உடம்பில் தண்ணீரை நிறுத்திவைக்கிறது. இவளுக்கு அது வருவதில்லை. மடை அடைக்காத கண்மாய் மாதிரி எல்லாம் போய்விடுகிறது, போவதால்தான் தாகம். "குடிச்சதாலதான் இத்தனை நாள் உயிரோட இருந்தா. நீங்க பூட்டுனீங்க."
மருந்து, மிருகங்களின் அதே சுரப்பியைக் காயவைத்துப் பொடித்தது. மூக்கில் உறிஞ்ச வேண்டும். எந்த மிருகம் என்று கேட்டேன். சொன்னார். என் வீட்டுக்காரி ராக்கம்மாளிடம் சொல்லப்போவதில்லை.

24-5
இன்று முழுக்க மூன்றே செம்பு.

25-5
இன்றும் மூன்றுதான். ஆனால் மூக்குப்பொடி போடும் மருமகளை எந்த வீட்டில் வைத்துக்கொள்வார்கள்? வயது இருபது.

2-6
மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாளும் வந்தார்கள். சரக்கின் குறையை மறைத்து விற்கும் வழக்கம் எனக்கில்லை. ஆயுசுக்கும் மருந்து, தினமும் பொடி என்று சொல்லிவிட்டேன். (மிருகத்தை மட்டும் விட்டுவிட்டேன்.) சம்பந்தியம்மாள் இடுப்பிலிருந்து தன் பொடி மட்டையை எடுத்து ஒரு சிட்டிகை இழுத்தார்.
"நான் ஊரறியப் போடுறவ. அவ போட்டா என்னவாம்? கெளம்பச் சொல்லுங்கண்ணே."
ராக்கம்மாள் அழுகிறாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

15-1-1970
பொங்கலுக்கு இருவரும் வந்திருக்கிறார்கள். மத்தியானம் படுத்த முத்துப்பேச்சி, விளக்கு வைக்கும்வரை தண்ணீருக்கோ மூத்திரத்துக்கோ ஒரு தடவைகூட எழவில்லை. நானும் மாப்பிள்ளையும் கரும்பைக்கூடத் தெருவில் போய் நின்றுதான் கடித்தோம்.