சூசையின் அப்பா பெயர்

ஆகஸ்ட் 9, சனி

காலையிலிருந்து தூறல். பிரிக்ஃபீல்ட்ஸ் வீடு முழுக்க ஈரத் துணி வாசனை.

மகள் ஸ்டெல்லாவும் மருமகன் லூக்கும் மொன்றியாலிலிருந்து வந்து ஒரு வாரம். அவளுக்கு ஐந்தாம் மாதம். லூக் சாப்பாட்டு மேசையில் தன் வம்சாவளித் தாளை விரித்தான். பதினொரு தலைமுறை! முதல் ஆள் பிரான்சிலிருந்து கனடா போன சிப்பாய். கூட இருந்தவர்கள் வைத்த பட்டப்பெயர் லதுசேர். 'மென்மை' என்று அர்த்தமாம். சொந்தக் குடும்பப் பெயர் போய், பேரன்களுக்குப் பட்டப்பெயரே நின்றுவிட்டது. அங்கே பெண்கள் கல்யாணம் ஆனாலும் பிறந்த வீட்டுப் பெயரோடுதான்.

"மாமா, உங்க ஃபேமிலி நேம்?" 'மாமா' நன்றாக வருகிறது அவனுக்கு.

"எங்களுக்கு அதெல்லாம் இல்லலா. நான் அருளப்பன். எங்கப்பா சூசை. அவருக்கு அப்பா தேவசகாயம். அவ்ளோதான்."

பிள்ளைக்கென்று புதுத் தாள் போட்டிருக்கிறான். அவன் பக்கம் நிரம்பி வழிகிறது. எங்கள் பக்கம் வெள்ளை. பார்க்கப் பார்க்க வானம் மாதிரி.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மூவரும் கொம்யூட்டர் ரயிலில் கிள்ளானுக்கு. அப்பா ஞானஸ்நானம் பெற்ற கோயில். அலுவலகத்து அக்கா பழைய பதிவேட்டைக் குழந்தையைத் தூக்குவது போல் கொண்டுவந்தார். பிரெஞ்சுச் சாமியார் கையெழுத்து, லத்தீன். லூக்குக்குப் பழக்கம். விரலால் மெல்லத் தேடினான்.

சூசை. தாய்: மரியாயி. அடுத்த வரியை ஸ்டெல்லாவிடம் காட்டினான்.

"என்னம்மா போட்டிருக்கு?"

ஸ்டெல்லா என் கையைப் பிடித்தாள். "தகப்பன் தெரியாதுன்னு போட்டிருக்குப்பா."

தேவசகாயம் கீழே இருந்தார். ஞானத்தகப்பன் என்ற இடத்தில். ரயில்வே கேட் காவலர்.

திரும்பும்போது எந்த ஸ்டேஷனும் கண்ணில் படவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

வாங்க வேண்டியது: ரொட்டி, தயிர், ஸ்டெல்லாவுக்கு இரும்பு மாத்திரை. வாங்கவில்லை.

மதியம் அசந்த நேரத்தில் கனவு. தண்டவாளத்தின் ஓரம் அப்பா, நாலைந்து வயது. பச்சைக் கொடியோடு ஒருவர் அவர் கையைப் பிடித்திருக்கிறார். முகம் தெரியவில்லை. ரயில் போய்க்கொண்டே இருக்கிறது, சத்தமே இல்லாமல்.

எழுந்ததும் தெலுக் பங்லிமா காராங்கில் இருக்கும் தம்பி அந்தோணிக்கு போன். சொன்னேன்.

"எனக்குத் தெரியும்ணே. அப்பா ஆஸ்பத்திரில கடைசியா படுத்திருந்தப்ப சொன்னாரு. பள்ளிக்கூடத்துல தேவசகாயம்தான் 'என் மகன்'னு சொல்லிப் பேர் குடுத்தாராம்."

"என்கிட்ட ஏன்டா சொல்லல?"

"அண்ணன் மனசு ஒடிஞ்சிடும், சொல்லாதேன்னாரு."

கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. இவ்வளவு வருஷம் இவன் இதைத் தனியாக மனசில் வைத்திருந்தானே. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மாதா திருநாள். பூசைக்கு மூவரும். மரியாயிக்காக ஒரு மெழுகுவர்த்தி. முகம் தெரியாது, வயது தெரியாது. கைக்குழந்தையோடு தனியாக நின்றவள்.

வீட்டில் லூக் மறுபடி தாளை விரித்தான். மரியாயி பெயரைப் பேனாவால் எழுதினான். பக்கத்தில் சூசையின் தகப்பன் கட்டத்துக்கு வந்ததும் பென்சிலை எடுத்தான்.

"அப்பா, அத காலியா விடவான்னு கேக்குறாரு."

"தேவசகாயம்னு எழுதச் சொல்லு."

"ரெக்கார்டுல அப்படி இல்லையேப்பா."

"தன் அப்பா யாருன்னு சூசைக்குத் தெரியாதாம்மா?"

அவள் பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். லூக் என்னைப் பார்த்தான். பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தான். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.