என் வெள்ளிக்கிழமை எதிர்க்கட்சிக்காரருக்கு

அண்ணே,

இன்று மத்தியானம் மஸ்கெலியா பஸ் கண்டக்டர் நான் வேலை செய்யும் பாமசி வாசலில் வந்து நின்று, ஒரு சொப்பிங் பேக்கை நீட்டினார். அதை வாங்கும்போதே வாசம் வந்துவிட்டது. ஜெரேனிய இலை வாசம். மருந்து நெடிக்குப் பழகிப்போன என் மூக்கு அதை மட்டும் தப்பவிடாது. ஈரப் பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு கிளை, அதற்குக் கீழே நான் மழைக்கு முன்னால் உங்களுக்கு அனுப்பிய துப்பறியும் நாவல். ஒரு கணம், சத்தியமாகச் சொல்கிறேன், நீங்கள்தான் அனுப்பியிருக்கிறீர்கள் என்று நினைத்துவிட்டேன். "அவரு சம்சாரம் குடுத்து விட்டாங்க" என்று கண்டக்டர் தாழ்ந்த குரலில் சொன்ன பிறகுதான் எனக்குச் சுயநினைவு வந்தது.

நாவலைப் புரட்டினேன். கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் காய்ந்த இலை ஒன்று இருந்தது. அப்படியென்றால் கொலைகாரன் யார் என்று தெரியாமலே போய்விட்டீர்கள். நான் முதல் நாளே சொல்ல வந்தேன், நீங்கள்தான் கேட்கவில்லை. "கடைசிப் பக்கத்த மொதல்ல படிக்கிறது, கல்யாணத்துக்குப் போயி பந்தியில மட்டும் குந்துற மாதிரி தங்கச்சி" என்று நம் வாட்ஸ்அப் குரூப்பில் எல்லாருக்கும் முன்னால் என் மானத்தை வாங்கினீர்கள். இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். டாக்டர்தான் கொலைகாரர்.

இன்று வெள்ளிக்கிழமை. நீங்கள் போன பிறகு நம் குரூப்பில் வெள்ளிக்கிழமை வந்தால் ஒரு சத்தமும் இருப்பதில்லை. வெள்ளிக்கிழமைப் பேச்சை இனி நிறுத்திவிடலாமா என்று கேட்டிருந்தார்கள். முடிவை என்னிடம் விட்டிருந்தார்கள். இன்று சாயங்காலம் நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பதிலைச் சொல்லிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நடந்ததை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

'வாசிக்கிற ஆளுங்க' என்று நாங்கள் அந்த குரூப்பைத் தொடங்கியபோது ஒரே ஒரு சட்டம்தான் வைத்தோம். புத்தகம் பேசலாம், பூக்கன்று பேசலாம், சமையல் பேசலாம், அரசியல் பேசக் கூடாது. வந்த முதல் நாளே நீங்கள் அதை உடைத்தீர்கள். உங்கள் தேயிலைத் தோட்டத்தில் சிக்னல் இல்லை. நீங்கள் குடியிருக்கும் லய வீடுகளுக்கு மேலே, தண்ணித்தொட்டி இருக்கும் மேட்டுக்கு ஏறிப்போய்த்தான் நீங்கள் எதையும் அனுப்ப வேண்டும். அதனால் பகல் முழுக்க நாங்கள் பேசி முடித்து ஓய்ந்த பிறகு, சாயங்காலம் உங்கள் பதில்கள் எல்லாம் மொத்தமாக வந்து விழும். நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு வொய்ஸ் மெசேஜிலும் உங்கள் குரலுக்குப் பின்னால் காற்று ஊளையிடும். ஒரு தோட்டத்து நாவலைப் பற்றி நான் புகழ்ந்து எழுதியதற்கு அன்றைக்கு நீங்கள் சொன்ன பதில் இன்னும் என் போனில் இருக்கிறது. "நம்மளப் பத்தி எழுதுறவங்க எல்லாம் நம்மள அழ வச்சே பாக்குறாங்க. நாங்க சிரிக்கிறதே இல்லையா? எங்க லயத்துக்கு வந்து பாக்கச் சொல்லுங்க, சிரிப்புச் சத்தத்துல தூங்க முடியாது." அதோடு விட்டீர்களா? அங்கிருந்து சம்பளத்துக்குத் தாவி, காணிக்குத் தாவி, எங்கள் சட்டத்தையே காலி செய்துவிட்டீர்கள்.

நீங்கள் தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவர். எனக்கோ உங்கள் சங்கத்தின் பெயரைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். ஆளுக்கு ஒரு துண்டுக் காணியும் சொந்த வீடும் வந்தால் மலையகம் நிமிர்ந்துவிடும் என்று நீங்கள். காணியைக் கட்டிக்கொண்டு மலையிலேயே கிடக்காமல் பிள்ளைகள் படித்து வெளியே போகட்டும் என்று நான். நம் இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு மற்றவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. நடுவில் திடீரென்று சண்டையை நிறுத்திவிட்டு, பூத்த ஜெரேனியத்தின் படத்தைப் போடுவீர்கள். வரிசையாகப் பழைய பெயின்ட் டின்கள், அத்தனையிலும் சிவப்புப் பூக்கள். அழகாகத் தரையில் நட்டால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். "தரை கொம்பனியோடது, டின் என்னோடது" என்றீர்கள். நான் சிரிக்கும் பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டேன்.

அப்புறம் தேர்தல் வந்தது. குரூப்பில் புத்தகமும் இல்லை, பூவும் இல்லை. ஒருவரை ஒருவர் குத்திப் பேசுவதுதான் மிச்சம். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வெளியேறினார்கள். இழுத்து மூடிவிடலாம் என்று நானே நினைத்திருந்த நேரத்தில்தான் நீங்கள் அந்த யோசனையைச் சொன்னீர்கள். வெள்ளிக்கிழமைகளில் நாம் கட்சி மாறிக்கொள்வோம். அன்றைக்கு எதிராளியின் பக்கத்தை நாம் பேச வேண்டும். கிண்டலாக இல்லை, மனசாரப் பேச வேண்டும். எதிராளி அதைக் கேட்டுவிட்டு, "சரி, இதுதான் என் பேச்சு" என்று சொல்லும்வரை விடுதலை கிடையாது. எத்தனை தரமானாலும் திரும்பப் பேச வேண்டும்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று நான் கேலி செய்தேன். அந்த வெள்ளிக்கிழமையே நீங்கள் என் பக்கத்தைப் பேசினீர்கள். "என் மக கொழும்புல ஒரு ஒபீஸ்ல வேல செய்றா. அங்க யாரும் அவகிட்ட எந்த லயம்னு கேக்கல. என்ன படிச்சேன்னு கேட்டாங்க. அந்த ஒரு கேள்விக்காகவே நம்ம புள்ளைங்க மலைய விட்டு எறங்கணும்." பாமசியில் ஆள் நிற்கும்போது காதில் வைத்துக் கேட்டேன். இருமல் மருந்துப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். இத்தனை மாதமாக நான் தொண்டை வரளக் கத்தியதை நீங்கள் காற்றில் நின்றுகொண்டு இவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டீர்கள். ஒரே தரத்தில் தேறினீர்கள்.

நான் தேறவில்லை. உங்கள் பக்கத்தைப் பேச முதல் தடவை குடியுரிமை, சட்டம், காணி உறுதிப்பத்திரம் என்று அடுக்கினேன். "இல்ல தங்கச்சி, இது பேப்பர் படிக்கிற மாதிரி இருக்கு. நான் இப்படிப் பேச மாட்டேன்" என்று திருப்பி அனுப்பிவிட்டீர்கள். அடுத்த தடவையும் அதே கதை. எனக்கு வந்த ஆத்திரத்தில், யோசிக்காமல், எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிட்டேன். அம்மாவுக்குத் தேயிலைக் கொழுந்தெடுக்க முடியாமல் போனபோது, வீட்டில் வேறு யாராவது தோட்ட வேலைக்குப் பேர் பதிய வேண்டும், இல்லாவிட்டால் நாங்கள் இருந்த லயத்துக் காம்பிராவை விட்டுக் கொடுக்க வேண்டும் என்று வந்தது. அண்ணன் படிப்பை நிறுத்திவிட்டுப் பேர் பதிந்தான். "படிப்பு படிப்புன்னு நான் பேசுறேனே, எங்க அண்ணனோட படிப்பு அந்தக் கூரைக்குத்தான் போச்சு. அந்தக் கூரை எங்களுதா இருந்திருந்தா அவன் படிச்சிருப்பான்" என்று சொல்லி முடித்து அப்படியே அனுப்பிவிட்டேன். சாயங்காலம் உங்கள் பதில் வந்தது. "சரி, இதுதான் என் பேச்சு" என்று மட்டும்தான் சொன்னீர்கள். அன்றைக்கு நீங்கள் என்னைக் கேலி செய்யாததுதான் எனக்குப் பெரிய மரியாதையாக இருந்தது.

அந்த விளையாட்டுதான் உங்கள் பதவிக்கே உலை வைக்கப் பார்த்தது. வட்டவளையில் இருந்து பேசுகிற நம் தம்பி, உங்கள் வெள்ளிக்கிழமை வொய்ஸைக் கேட்டு உருகிப்போய், அதைத் தன் சொந்தக்காரர்களுக்கு அனுப்பிவிட்டான். அன்று வெள்ளிக்கிழமை என்பதும், அது கட்சி மாறிப் பேசுகிற நாள் என்பதும் வெளியில் யாருக்குத் தெரியும்? அது கை மாறிக் கை மாறி உங்கள் தோட்டத்துக்கே வந்து சேர்ந்தது. தலைவரே மலையை விட்டு இறங்கச் சொல்கிறார், காணி வேண்டாம் என்று எவனிடமோ விலை போய்விட்டார் என்று ஊர் முழுக்கப் பேச்சு. கோயிலில் கூட்டம் போட்டு உங்களை நிற்க வைத்துக் கேட்டார்கள்.

அது பொய்க்குரல் என்று சொல்லியிருக்கலாம். குரூப்பை விட்டுப் போய்விட்டேன் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். நீங்கள் என்ன செய்தீர்கள்? பேசியது நான்தான் என்றீர்கள். இதற்குப் பதிலும் இருக்கிறது, அதையும் கேளுங்கள் என்று சொல்லி, கோயில் மைக்கில் போனைப் பிடித்து என் வொய்ஸைப் போட்டீர்கள். எங்கள் வீட்டுக் கதை, என்னைப் பார்த்திராத ஒரு தோட்டம் முழுக்க ஸ்பீக்கரில் கேட்டது. கேட்டு முடிந்ததும் கொழுந்தெடுக்கிற ஒரு அக்கா எழுந்து, "யாருங்க அந்தப் புள்ள? அடுத்த தடவ அதத் தலைவரா போடுங்க" என்றாராம். கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்தது என்று பிறகு நீங்கள் சொன்னீர்கள். "எனக்கு ஆபத்து எதிரிச் சங்கத்தால வரல தங்கச்சி, ஒங்களாலதான் வந்துச்சு" என்று சொல்லிவிட்டு நீங்கள் சிரித்த சிரிப்பைக் காற்றுகூட அமுக்க முடியவில்லை.

இத்தனைக்கும் நாம் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. பஸ்ஸில் புத்தகம் போகும், பூக்கன்று வரும், அவ்வளவுதான். உங்கள் முகத்தை முதன்முதலாக நான் பெட்டிக்குள் பார்த்தேன். மாரடைப்பு என்றார்கள். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. பாமசியில் வேலை செய்கிறவளிடம் நெஞ்சு வலி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் பேசினீர்களே.

சாவு வீட்டில் ஒரு விசயம் நடந்தது. குரூப்பிலிருந்து வந்திருந்த எங்களுக்கு ஒருவரை ஒருவர் முகம் தெரியாது. லயத்து வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது பக்கத்தில் ஒரு பையன், "டீ குடிச்சீங்களா?" என்று யாரிடமோ கேட்டான். நான் திரும்பி, "நீ வட்டவளைத் தம்பிதானே?" என்றேன். அவன் என் குரலைக் கேட்டதும் அழ ஆரம்பித்துவிட்டான். உடப்புசல்லாவையிலிருந்து வந்த டீச்சரையும் அப்படித்தான், இருமலை வைத்துக் கண்டுபிடித்தோம். குரல் குரலாக நாங்கள் ஒன்று சேர்ந்தோம். உங்கள் குரல் ஒன்றுதான் அங்கே இல்லை.

வெள்ளிக்கிழமையை நிறுத்தலாமா என்று கேட்டது அந்தத் தம்பிதான். இன்னொரு தேர்தல் பேச்சு தொடங்கிவிட்டது, அண்ணன் மாதிரி துணிந்து நிற்க நம்மில் யாருக்கு முடியும், இன்னொருவர் மாட்டிக்கொள்ளக் கூடாது என்றான். தன்னால் வந்த வினையை அவன் இன்னும் மறக்கவில்லை. அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. என்னுடைய பயம் வேறு. என் எதிராளி போய்விட்டார். உங்கள் பக்கத்தை நான் பேசினால், சரி, இதுதான் என் பேச்சு என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? நானே பேசி நானே தேறிக்கொள்வதா?

ஆனாலும் கிளையின் வாசம் மேசையில் இருக்கும்போது மூடிவிடலாம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. பாமசியைப் பூட்டிவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து உங்கள் பக்கத்தைப் பேசினேன். காணியைச் சொன்னேன், வீட்டைச் சொன்னேன், அண்ணனின் படிப்பைச் சொன்னேன். நன்றாகவே பேசினேன், எனக்கென்ன குறை. "வெள்ளிக்கிழமை தொடரும்" என்று சொல்லி முடித்து அனுப்பினேன். டீச்சர் கை கூப்பி அனுப்பினார்.

கொஞ்ச நேரத்தில் போன் அதிர்ந்தது. திரையில் உங்கள் பெயர். உங்கள் பெயரேதான், அண்ணே. அமுக்கினால் முதலில் காற்று. அதே தண்ணித்தொட்டி மேட்டுக் காற்று. அப்புறம் ஒரு பெண் குரல், மேடேறிய மூச்சு வாங்கலோடு. அண்ணி. இதுவரை குரூப்பில் ஒரு வார்த்தை பேசாத அண்ணி.

"இல்ல தங்கச்சி. இது அவரு பேச்சு இல்ல. டின்ன விட்டுட்டீங்களே. அவரு எப்பவும் டின்னுல இருந்துதான் தொடங்குவாரு. திருப்பிச் சொல்லுங்க, நான் இங்கதான் நிக்கிறேன்."

நான் படிக்கட்டிலேயே அழுதேன். அப்புறம் சிரிப்பும் வந்தது. எத்தனை சாயங்காலம் அந்த மேட்டில் உங்கள் பக்கத்தில் நின்று அவர் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து, காலியாகக் கிடந்த ஒரு பிஸ்கட் டின்னில் மண் போட்டு உங்கள் கிளையை நட்டேன். நட்டுவிட்டு நிமிர்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. படித்து, மலையிலிருந்து இறங்கி, ஹட்டன் டவுனில் பத்து வருசத்துக்கு மேலாக வேலை பார்க்கிறேன். இன்னமும் வாடகை வீடு. வீட்டுக்காரர் முற்றத்தில் எதையும் நட விடமாட்டார். நானும் டின்னில்தான் நட்டிருக்கிறேன்.

உங்கள் பக்கம் முழுக்கச் சரி என்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன். அந்த ஆசை வேண்டாம். நாளை சனிக்கிழமை, என் கட்சியை நான் பேசுவேன். ஆனால் வாரத்தில் ஒரு நாள் என் வாயில் உங்கள் பேச்சு இருக்கும். அதைக் கைமாற்றிக் கொடுக்க ஆள் கிடைக்கும்வரை நானே வைத்திருக்கிறேன்.

மேட்டில் அண்ணி காற்றில் நின்றுகொண்டிருந்தார். கை மண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தேன். "தரை கொம்பனியோடது" என்று தொடங்கினேன்.